பனிமயத்தின் குரல் இசைத்தட்டில் ஏறிய வருஷம்

சிலுவைத்துறையில் பனிமயத்தின் குரல் அவள் தொண்டையை விட்டு இறங்கிப்போய் ஓர் இசைத்தட்டுக்குள் உட்கார்ந்துகொண்டது ஒரு கல்யாண வீட்டில், பந்தி நடந்துகொண்டிருந்த நேரத்தில். ரசவாளியோடு வழி தெரியாமல் நின்ற இளவட்டங்களைப் பார்த்து, "இந்தப் பக்கம் வாங்கல, பெரியாளுக கைய வச்சிக்கிட்டு உக்காந்திருக்காவ" என்று அவள் சத்தம் போட்டாள். வாய் அசைந்தது அவளுக்கு, சத்தம் வந்தது பந்தல்கால் உச்சியில் கட்டியிருந்த குழாய் ஒலிபெருக்கியிலிருந்து. அதுவரை பாடிக்கொண்டிருந்த கல்யாணப் பாட்டு நின்றுவிட்டது. ஜனங்கள் அண்ணாந்து குழாயைப் பார்த்தார்கள், பிறகு பனிமயத்தைப் பார்த்தார்கள், பிறகு சோறு ஆறிக்கொண்டிருந்ததால் இலையைப் பார்த்தார்கள்.

சவுண்ட் செட் வாடகைக்கு விடும் லொயோலா ஓடிவந்து தட்டின்மேல் இருந்த ஊசியைத் தூக்கினான். பனிமயம் ஊமையானாள். ஊசியை வைத்தான். "என்னல பண்ணுத?" என்று குழாய் கேட்டது. வேறு தட்டுகளைப் போட்டுப் பார்த்தான்; அவற்றில் பாட்டுகள்தான் இருந்தன. அந்த ஒரு தட்டில் மட்டும் பாட்டு போய்விட்டது, பனிமயம் வந்துவிட்டாள். அது சுற்றும்போது அவள் வாயை அசைத்தால் அவள் என்ன சொல்கிறாளோ அது வெளியே கேட்டது, அது நின்றால் அவளும் நின்றாள்.

கம்பவுண்டர் டார்ச் அடித்துத் தொண்டையைப் பார்த்து, உள்ளே எல்லாம் சுத்தமாக இருப்பதாகச் சொல்லி, இருமலுக்கான மருந்து ஒரு பாட்டில் கொடுத்தார். பங்குச்சாமியார் அவள் தலையில் கைவைத்து ஜெபித்துவிட்டு, நாக்கு நல்லபடியாக இருக்கும்போது குரல் எங்கே இருந்தால் என்னம்மா என்று ஆறுதல் சொன்னார். ஊர் அதற்குமேல் அதைத் தோண்டவில்லை. கடலோரத்தில் வாழ்கிறவர்களுக்கு, ஒன்று ஓரிடத்தில் காணாமல்போய் இன்னோரிடத்தில் கரை ஒதுங்குவது புதிதல்ல. அவர்களுடைய கவலையெல்லாம் தினமும் மீன் ஏலத்தை எப்படி நடத்துவது என்பதாக இருந்தது.

ஏனென்றால் சிலுவைத்துறையின் ஏலக்குரல் பனிமயம்தான். வள்ளங்கள் கரைபிடித்து மீனைக் கொட்டியதும் இடுப்பில் கையூன்றி அவள் "ஒரு தரம்" என்று எடுத்தால், அந்தச் சத்தம் வியாபாரிகளின் காதில் ஏறி, படகுகளைத் தாண்டி, அலை உடைகிற இடத்துக்கு அப்பாலும் போகும். இனிமையான குரல் இல்லை. காய்ந்த வலையைப் பாறையில் இழுப்பது போலக் கரகரத்த, நடுவே கீறல் விழுந்த குரல். பனிமூட்டத்தில் திரும்பும் வள்ளக்காரர்கள், "அந்தா ஏலம் கேக்கு, கரை அங்கதாம்" என்று வள்ளத்தின் முன்முனையான அணியத்தைத் திருப்புவார்கள். அவள் புருஷன் கஸ்பாருக்கு மட்டும் அது பிடிக்காது. திருக்கைமீன் முள் ஏறிக் கால் விளங்காமல் போனபின் வீட்டில் கிழிந்த வலை பொத்திக்கொண்டிருந்த அவன், அவள் முற்றத்துக்குள் வரும்போதே, "மெல்லப் பேசுட்டி, காது கிழியுது" என்பான். கல்யாணமான நாளிலிருந்து அதைச் சொல்லிக்கொண்டிருந்தான்.

ஐஸ் கம்பெனியிலிருந்து ஒயர் இழுத்து, மீன் தள்ளும் வண்டியில் ரெக்கார்டு பிளேயரை வைத்து, வேப்பமரத்தில் குழாயைக் கட்டி, ஏலத்தை மறுபடி தொடங்கினார்கள். லொயோலாவின் பிளேயர் பழசு. ஊசியைத் தாங்கும் கை கனம், ஊசி மொத்தை. அதில் அவள் குரல் மூக்கைப் பிடித்துக்கொண்டு பேசுவது போல வந்தது. மண்ணில் இறங்க வேண்டிய எர்த் ஒயர் அறுந்திருந்ததால், அவள் என்ன சொன்னாலும் அடியில் "ம்ம்ம்" என்று ஒரு முனகல் கூடவே வந்தது, யாரோ பின்னால் நின்று எல்லாவற்றுக்கும் சம்மதம் சொல்வது போல; அதை நம்பிச் சிலர் அதிக விலைக்குக் கேட்டு வாங்கிவிட்டுப் பின்னால் சண்டைக்கு வந்தார்கள். லொயோலா அந்த ஒயரைத் தண்ணீர்க் குழாயில் கட்டியதும் முனகல் போயிற்று. உச்சி வெயிலில் உள்ளே இருக்கும் ரப்பர் பெல்ட் இளகி, தட்டு மெதுவாகச் சுற்ற, பனிமயம் ஆம்பிளைக் குரலில் இழுத்து இழுத்துப் பேசினாள். வெயில் தாழும்வரை அவளிடம் பேரம் பேச யாரும் துணியவில்லை. எதிர்வீட்டுப் பெண்கள் அவளோடு சண்டை போட வேண்டுமென்றால் குளிர்ந்த நேரமாகப் பார்த்து வந்தார்கள். கரண்ட் போனால், "பனிமயம் போயிட்டா, வந்ததும் கேட்டுக்கிடலாம்" என்று ஊர் காத்திருந்தது. கோயிலில் பாவசங்கீர்த்தனத்துக்கு மட்டும் பிளேயரைக் கொண்டுபோக முடியவில்லை, தெருவே கேட்கும் என்பதால். சாமியார் பாவங்களை ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல அவள் தலையை ஆட்டினாள், சிலவற்றுக்கு ஆட்டவில்லை, சிலவற்றுக்குச் சிரித்துவிட்டாள்.

ஏலம் முடிந்ததும் பிளேயர் வீட்டுக்கு வந்துவிடும்; அங்கே பேச ஒரு சின்ன ஸ்பீக்கரும் கொடுத்திருந்தான் லொயோலா. ஒருநாள் மதியம், ஸ்பீக்கரை அணைத்துவிட்டுத் தட்டை நிறுத்த மறந்த பனிமயம், துணி மடித்துக்கொண்டே தன்பாட்டுக்கு ஏதோ முணுமுணுத்தபோது, ஊசி முனையிலிருந்து எறும்பு ஊர்வது போல ஒரு சத்தம் கேட்டது. குனிந்து காதை வைத்தாள். பெட்டி இல்லை, குழாய் இல்லை, தட்டின் பள்ளத்தில் ஓடுகிற வெறும் ஊசி; அது அவளுடைய கரகரத்த குரலை, கீறலோடு, கடுகளவாகப் பேசிக்கொண்டிருந்தது. அன்றிலிருந்து ஆளில்லாத நேரங்களில் அவள் தட்டின்மேல் சாய்ந்து தன்னோடு தானே பேசிக்கொள்வாள். தன் மகன் ரெமியின் பேரைச் சொல்லிப் பார்ப்பாள்.

ரெமி அந்தக் கல்யாணத்துக்கு முன்பே ஊர்ப் பையன்கள் சிலரோடு ஒரு வள்ளத்தில் கொல்லம் பக்கம் தொழிலுக்குப் போயிருந்தான். அம்மாவின் குரல் தட்டில் ஏறிய சங்கதி அவனுக்குத் தெரியாது. ஐஸ் கம்பெனிக்கு எப்போதாவது போன் வரும்போது மழை, மீன், யாருக்குக் காய்ச்சல் என்று பேசினார்களே தவிர, இதையும் ஒரு சேதியாகச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை. ஊர் அந்த அளவுக்குப் பழகியிருந்தது.

கஸ்பார்தான் பழகாமல் இருந்தான். மூக்கால் பேசும் பெண்டாட்டியைச் சகிக்க முடியாமல், நொண்டிக்கொண்டே தூத்துக்குடிக்குப் போய், கப்பலில் வேலைபார்த்துத் திரும்பிய ஒருவரைப் பிடித்து, வைர ஊசியும், விரலால் தொட்டாலே எழும்பும் லேசான கையும், தட்டுக்கு அடியில் விரிக்க மெத்தென்ற ரப்பர் விரிப்பும் வாங்கி வந்தான். லொயோலா எல்லாவற்றையும் மாட்டி, கையின் பின்முனையில் இருந்த எடையைத் திருகித் திருகி, ஊசி தட்டைத் தொட்டும் தொடாமலும் நிற்கும்படி செய்தான். பழைய ஊசியையும் கையையும் தன் கடைக்கு எடுத்துப் போனான்.

"ஏங்க, அந்தக் கதவச் சாத்துங்க, நாய் வந்துரும்" என்றாள் பனிமயம்.

கஸ்பார் அசையவில்லை. அப்படி ஒரு குரலை அவன் கேட்டதே இல்லை. கீறலில்லை, கரகரப்பில்லை, நல்லெண்ணெய் ஒழுகுவது போல ஒழுகி வந்தது. நாய் உள்ளே வந்து சட்டியில் இருந்த சூரை மீனைக் கவ்விக்கொண்டு போனது.

"இன்னொருக்கச் சொல்லு" என்றான் கஸ்பார்.

"எதைச் சொல்ல? மீன் போச்சு."

"அதைத்தாம் சொல்லு."

இத்தனை வருஷத்தில் அவன் அவளிடம் இன்னொரு முறை சொல் என்று கேட்டது அதுதான் முதல் தடவை. அவளுக்கு முதலில் வெட்கமாக வந்தது. அவன் வலையைப் போட்டுவிட்டு அவள் அருகில் வந்து உட்கார்ந்தான், அவள் தலையில் இருந்த மீன் செதிலை எடுத்துவிட்டான், பேசச் சொன்னான். அவள் பேசினாள். அடுப்படியில் நின்றபடி பேசினாள், விளக்கேற்றியபடி பேசினாள், பேசப் பேச அவன் முகம் எதிரே பூத்துக்கொண்டே போனது. அவனுடைய கண்கள் தன் முகத்தில் இல்லை, ஸ்பீக்கரில் இருக்கின்றன என்பதை அவள் கவனித்தபோது வெட்கம் வற்றிப்போயிற்று.

மறுநாள் கரையில் அவள் "ஒரு தரம்" என்றதும் வியாபாரிகள் சிரித்தார்கள். கேலிச் சிரிப்பு இல்லை, குழந்தை பாடுவதைக் கேட்டவர்களின் சிரிப்பு. ராயப்பன் என்கிற பெரிய வியாபாரி கண்ணை மூடிக்கொண்டு, "நீங்க பாட்டுக்கு சொல்லிட்டே இருங்கம்மா" என்றார். விலை ஏறவில்லை. "ஏல, கண்ணு தெரியுதா ஒனக்கு, மொரல் மீன இந்த விலைக்குக் கேக்க" என்று அவள் வைதாள். அந்த வசவு குழாயிலிருந்து தாலாட்டாக இறங்கியது. அவள் கழுத்து நரம்பு புடைக்கக் கத்தினாள். தாலாட்டு கொஞ்சம் உரக்கக் கேட்டது. கொஞ்ச நாள் பார்த்துவிட்டு வள்ளக்காரர்கள் ஏலத்தை ஜெர்த்தூதிடம் கொடுத்தார்கள். ஜெர்த்தூது, பனிமயத்துக்குப் பக்கத்தில் நின்று வருஷக்கணக்காக மீன் கூறுவைத்தவள், நல்லவள் என்றோ கெட்டவள் என்றோ சொல்ல முடியாதவள். இடுப்பில் கையூன்றி "ஒரு தரம்" என்று எடுத்தபோது பனிமயத்தின் முகத்தைப் பார்க்காமல் கடலைப் பார்த்துக்கொண்டாள்.

ஏலம் போன இடத்தில் கோயில் வந்தது. ஞாயிற்றுக்கிழமை வாசகம் வாசிக்கப் பனிமயத்தைக் கூப்பிட்டார்கள். பீடத்துக்குப் பக்கத்தில் பிளேயர் வைத்தார்கள். படிக்கத் தெரியாத அவளுக்கு உபதேசியார் காதோரம் வரி வரியாகச் சொல்ல, அவள் வாயசைக்க, கேட்டவர்கள் அழுதார்கள். பக்கத்து ஊர்களிலிருந்து வண்டி கட்டிக்கொண்டு வந்து அழுதார்கள். கர்ப்பிணிகள் முன்வரிசையில் உட்கார்ந்தார்கள். ஒருநாள் வாசகத்தின் நடுவில், அத்தனை பேரும் தன்னை விட்டுவிட்டு ஸ்பீக்கரைப் பார்த்துக் கண்ணீர் விடுவதைக் கண்டு தாங்க முடியாமல், பனிமயம் வாயை அகலத் திறந்து, "இது நான் இல்ல! இது நான் இல்ல!" என்று அலறினாள். அது அவ்வளவு இனிமையாக வந்தது. அதுவும் வேதத்தில் உள்ளதுதான் என்று நினைத்து ஜனங்கள் "ஆமென்" என்றார்கள்.

அவள் பிளேயரைத் தூக்கிக்கொண்டு லொயோலாவின் கடைக்குப் போய்த் தட்டைச் சுற்றவிட்டாள்.

"லொயோலா, ஏம் கோவம் எங்க போவுது?"

அவன் தலையைச் சொறிந்தான். "மைனி, புது ஊசி பள்ளத்துக்கு மேலாகவே வழுக்கிட்டுப் போவுது. ஒங்க கரகரப்பு அடியில கெடக்கு. அதத் தொடணும்னா கனமா அழுத்தணும். ரப்பர் விரிப்பு வேற மிச்சத்தக் குடிச்சிருது."

"அப்ப பழைய ஊசிய மாட்டு. இன்னும் கனமா மாட்டு."

"மாட்டலாம். ஆனா கன ஊசி தட்டத் தின்னுரும் மைனி. ஒவ்வொரு தரம் ஓடும்போதும் கொஞ்சம் சுரண்டி எடுத்திரும். இந்த வைர ஊசின்னா ஒங்க ஆயுசுக்கும் குரல் இருக்கும். அதுன்னா எத்தன நாள் வரும்னு எனக்குச் சொல்லத் தெரியாது. தட்டு தேஞ்சா வேற தட்டு கெடையாதுல்ல?"

கஸ்பார் அதற்குள் விஷயம் தெரிந்து நொண்டி நொண்டி வந்துவிட்டான். "ஒனக்கு என்ன குறை? ஊரே கையெடுத்துக் கும்பிடுது. வயசான காலத்துல எனக்குக் கேக்கதுக்கு ஒரு குரல் வேண்டாமா?"

"ஒங்களுக்குக் கேக்கதுக்கா நான் பேசுதேன்?" என்று அவள் சீறினாள்.

சீறல் பூவாக விழுந்தது. கஸ்பார் தன்னையறியாமல் புன்னகைத்தான். அந்தப் புன்னகையைப் பார்த்தபின் பனிமயம் வீட்டுக்கு வந்து பிளேயரின் ஒயரைப் பிடுங்கிப் போட்டுவிட்டு, சுவரைப் பார்த்து உட்கார்ந்து சத்தமில்லாமல் அழுதாள். அன்றிலிருந்து அவள் பேசவே இல்லை. கஸ்பார் ஒயரை மாட்டுவான், தட்டைச் சுற்றவிடுவான், கெஞ்சுவான். வைர ஊசி வெறும் பள்ளத்தில் ஓடிக்கொண்டிருக்கும். அவள் உதட்டை இறுக்கி மூடிக்கொண்டு அரிசியில் கல் பொறுக்குவாள்.

ஐப்பசியில் கொல்லத்திலிருந்து போன் வந்தது, பையன்கள் புறப்பட்டுவிட்டார்கள் என்று. கன்னியாகுமரியைத் தாண்டிவிட்டார்கள் என்று இன்னொரு போன் வந்தது. அதற்கு மறுநாள் முற்பகலில், யாரும் எதிர்பாராமல் கிழக்கிலிருந்து கொண்டல் காற்று எழுந்தது. வானமும் கடலும் ஒரே சாம்பல் நிறமாகி, எது எங்கே முடிகிறது என்று தெரியாமல் போயிற்று. மழை குறுக்கே அடித்தது. சிலுவைத்துறைக்குத் தெற்கே தண்ணீருக்குள் பாறைத்திட்டு ஒன்று நீளமாகக் கிடக்கிறது, அதைப் பார் என்பார்கள். கரையைச் சரியாகக் குறிவைக்காத வள்ளம் அதில் ஏறினால் பலகை மிஞ்சாது. கோயில் மணியை விடாமல் அடித்தார்கள். மணியோசையைக் காற்று கிழித்து நாலாபக்கமும் எறிந்ததால், அது எங்கிருந்து வருகிறது என்று கரையில் நின்றவர்களுக்கே தெரியவில்லை.

"பனிமயத்தக் கூப்பிடச் சொல்லுங்க" என்று யாரோ சொன்னார்கள். குழாய்களைக் கோயில் கோபுரத்தில் ஏற்றிக் கடலைப் பார்த்துக் கட்டினார்கள். பிளேயரைக் கோபுரத்தின் கீழ் அறையில் வைத்தார்கள். பனிமயம் தானாகவே ஓடிவந்து வாயைத் திறந்தாள். "ரெமீ! ஏல ரெமீ! இங்க வால, கரை இங்கதாம்!" தேன்குரல் மழைக்குள் மிதந்து போயிற்று. எவ்வளவு நேரம் கூப்பிட்டாள் என்று அவளுக்குத் தெரியாது.

பக்கத்து ஊரைச் சேர்ந்த ஒரு கட்டுமரம் மட்டும் எப்படியோ கரையில் வந்து மோதியது. அதிலிருந்த இரண்டு பேரையும் தூக்கி வந்து கிடத்தினார்கள். ஒருவன் பல் கிட்டிக்க, "கடலுக்குள்ள ஒரு பொம்பள பாடுதா" என்றான். "அழகாப் பாடுதா. அந்தக் குரலு கேட்டதும் நாங்க திரும்பிட்டம். அந்த மாதிரிக் குரல் பக்கம் போனவன் உசிரோட வந்தது கெடையாது. அலைதாம் எங்கள இழுத்துக்கிட்டு வந்து போட்டுச்சு."

"வேற வள்ளம் பாத்தியா?" என்று கஸ்பார் அவன் தோளைப் பிடித்து உலுக்கினான்.

"ஒரு இஞ்சின் வள்ளம். நம்ம பயலுவதாம். அவனுவளும் அந்தக் குரலக் கேட்டுட்டுத் தெக்காலத் திருப்பிட்டானுவ."

தெற்கே பார் இருந்தது. அவள் கூப்பிடக் கூப்பிட மகன் விலகிப் போயிருக்கிறான். பனிமயம் கோபுர அறைக்குள் ஓடி, வைர ஊசியைக் கையோடு சேர்த்துப் பிடுங்கி எறிந்தாள். ரப்பர் விரிப்பை உருவிக் கிழித்தாள். லொயோலாவின் சட்டையைப் பிடித்து இழுத்தாள். அவன் அதற்கு முன்பே மழையில் ஓடிப் பழைய கையையும் மொத்தை ஊசியையும் கொண்டுவந்திருந்தான். அதை மாட்டிவிட்டு, போதாதென்று, வலையில் கட்டும் ஈயக்குண்டு ஒன்றை ஊசியின் தலைமேல் வைத்துக் கட்டினான். "மைனி, இது ஒரே ஓட்டம்தாம்" என்றான். அவள் தலையை ஆட்டினாள்.

அந்த நேரத்தில் கரண்ட் போயிற்று.

குழாய்கள் டிராக்டர் பேட்டரியில் ஓடிக்கொண்டிருந்தன, அவற்றுக்குக் குறையில்லை. தட்டைச் சுற்றும் மோட்டார்தான் நின்றுவிட்டது. பனிமயம் தட்டின்மேல் கையை வைத்துச் சுற்றப் பார்த்தாள்; சுற்றிக்கொண்டே கூப்பிட அவளால் முடியவில்லை, கை வேகம் மாற மாறக் குரல் பேயாக ஏறி இறங்கியது. லொயோலா சுற்றினான், வேகமாகச் சுற்றிக் கிளிபோலக் கத்தவைத்தான்.

"தள்ளு" என்றான் கஸ்பார்.

அவன் விளங்காத காலை மடித்துத் தரையில் உட்கார்ந்து, ஆள்காட்டி விரலைத் தட்டின் ஓரத்தில் வைத்துச் சுற்ற ஆரம்பித்தான். காதை ஊசிக்கு வெகு அருகில் கொண்டுபோனான். "கூப்பிடு" என்றான். குரல் கட்டையாக வந்தது. விரலைக் கொஞ்சம் முடுக்கினான். "இல்ல, இது இல்ல. கூப்பிடுட்டி." கொஞ்சம் தணித்தான். அவன் கண்ணை இறுக மூடியிருந்தான். முற்றத்துக்குள் அவள் நுழையும்போதே காதைப் பொத்திக்கொள்ள வைத்த அந்தச் சத்தத்தை, தன்னுடைய சோற்றோடும் தூக்கத்தோடும் கலந்து வந்த அந்தச் சத்தத்தை, கிழிகிற இடம் எது, இழுக்கிற இடம் எது, எந்த எழுத்தில் ஈட்டி போல ஏறும் என்று அவன் தேடித் தேடிப் பிடித்தான். ஊரில் வேறு எவருக்கும் அது அவ்வளவு துல்லியமாகத் தெரிந்திருக்க வழியில்லை. அந்தக் குரலை அவ்வளவு வருஷம் வெறுத்தவன் அவன் ஒருவன்தான். விரல் ஓர் இடத்தில் நிலைத்தது.

கோபுரத்திலிருந்து பனிமயத்தின் குரல் கடலுக்குள் பாய்ந்தது. காய்ந்த வலை பாறையில் இழுபட்டது. கரையில் நின்றவர்களுக்கு மயிர் கூச்செறிந்தது. சிலர் அந்தக் குரலை மறந்தே போயிருந்தார்கள். "ஏல ரெமீ! கண்ணு அவிஞ்சா போச்சு ஒனக்கு! கரை இங்க கெடக்குல, அங்க எங்கல போற! ஒரு தரம்! ரெண்டு தரம்! வாங்கல எல்லாரும், வாங்கல!" அவள் வைதாள். பெற்றதற்கு வைதாள், கொல்லத்துக்குப் போனதற்கு வைதாள், அந்தக் காற்றையும் கடலையும் ஏலம் போட்டு வைதாள், வசவு வசவாகவே போய்ச் சேர்ந்தது. ஈயக்குண்டு அழுத்த ஊசி பள்ளத்தை உழுதுகொண்டே போக, தட்டிலிருந்து கரிய தூள் எழுந்து கஸ்பாரின் கன்னத்தில் படிந்தது.

"அந்தா!" என்று கரையில் ஒரு கூச்சல். சாம்பலுக்குள் ஒரு கறுப்புப் புள்ளி வடக்கே திரும்பிக்கொண்டிருந்தது. வள்ளம் பாரை விட்டு விலகிக் குரலைக் குறிவைத்து வந்தது, வந்து, அலை உடைகிற இடத்தில் பக்கவாட்டில் ஒரு அலை வாங்கிக் கவிழ்ந்தது. தலைகள் தண்ணீரில் சிதறின. எங்கும் மழை, நீந்துகிறவர்களுக்குக் கரை தெரியவில்லை, குரல் மட்டும் தெரிந்தது. ஒருவன் வந்தான். இன்னொருவன் வந்தான். பெண்கள் கழுத்தளவு தண்ணீரில் இறங்கி அவர்களை முடியைப் பிடித்து இழுத்தார்கள். ரெமி வரவில்லை.

ஊசி தட்டின் நடுவை நெருங்கிக்கொண்டிருந்தது. லொயோலா அதைத் தூக்கி மறுபடி ஓரத்தில் வைத்தான். ஏற்கெனவே உழுத பள்ளம். குரலில் முதலில் 'ர' போயிற்று. "எமீ, எமீ" என்று கேட்டது. பிறகு வசவுகள் போயின. பிறகு குரல் போய் மூச்சு மட்டும் வந்தது, மூச்சும் போய் மணல் கொட்டுவது போல ஒரு இரைச்சல் வந்தது. கஸ்பார் சுற்றிக்கொண்டே இருந்தான். விரல்தோல் உரிந்து தட்டின் ஓரம் சிவந்திருந்தது. ஊசி வழவழப்பான கறுப்பில் சறுக்கி நடுவில் போய் இடித்து நின்றது. பனிமயம் இன்னும் வாயை அசைத்துக்கொண்டிருந்தாள். பிறகு அவள் அறையை விட்டு வெளியே ஓடினாள், வாயைத் திறந்தபடி, மழையைக் குடித்தபடி, கடலை நோக்கி ஓடினாள்.

கடலில் ஒரு தலை நின்ற இடத்தில் சுற்றிக்கொண்டிருந்தது. குரல் நின்றதும் அதற்குத் திசை போய்விட்டது. அது மெதுவாக ஆழத்தைப் பார்த்துத் திரும்பியது.

"ஏல ரெமீ!"

கரையிலிருந்து வந்தது அது. கரகரத்து, நடுவில் கீறி, ஈட்டியாக ஏறியது. எல்லோரும் பனிமயத்தைப் பார்த்தார்கள். அவள் வாய் திறந்திருந்தது, ஆனால் சத்தம் அவளிடமிருந்து வரவில்லை. ஜெர்த்தூது முழங்காலளவு தண்ணீரில் நின்று, இடுப்பில் கையூன்றி, பனிமயத்தின் குரலில் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். வருஷக்கணக்காகப் பக்கத்தில் நின்று கேட்டதையெல்லாம் வயிற்றிலிருந்து எடுத்துக் கூப்பிட்டாள். "கண்ணு அவிஞ்சா போச்சு! இங்க வால! ஒரு தரம்! ரெண்டு தரம்!" அவள் தொண்டை அடைத்தபோது அடுத்து நின்றவள் எடுத்தாள், அவளுக்கு மூச்சு முட்டியபோது ஜெர்த்தூது மறுபடி எடுத்தாள். தலை நின்றது. திரும்பியது. ஒரு கை தண்ணீருக்கு மேலே எழுந்தது, விழுந்தது, எழுந்தது.

ரெமி முழங்காலால் ஊர்ந்து கரையோரம் வந்தான். உப்பும் மணலும் அப்பிக் கண் திறக்க முடியவில்லை. குரல் வந்த பக்கமாகவே தடவித் தடவி வந்து, ஜெர்த்தூதின் இடுப்பை இரண்டு கையாலும் கட்டிக்கொண்டு, அவள் நனைந்த சேலையில் முகத்தைப் புதைத்து, "அம்மா, வந்துட்டேம்மா, வையாதம்மா, வந்துட்டேன்" என்று தேம்பினான்.

ஜெர்த்தூது கூப்பிட்டுக்கொண்டிருந்ததைப் பாதியில் நிறுத்தினாள். அவனைத் தள்ளவும் முடியாமல், அணைக்கவும் முடியாமல் கைகளை அந்தரத்தில் வைத்துக்கொண்டு நின்றாள்.

பனிமயம் தண்ணீரைக் கலக்கிக்கொண்டு வந்து மகனுக்குப் பின்னால் மண்டியிட்டாள். அவன் பிடரியில் கைவைத்தாள்.

"யாரு?" என்றான் ரெமி, திரும்பாமல்.

அவள் வாயைத் திறந்தாள். கோபுரத்துக் குழாய்களில் காற்று மட்டும் புகுந்து வந்தது. அவனை உலுக்கினாள். "யாரு, விடுங்க" என்று அவன் தோளைச் சிலுப்பி, ஜெர்த்தூதை இன்னும் இறுக்கிக்கொண்டான்.

கஸ்பார் மணலில் காலை இழுத்துக்கொண்டு வந்து சேர்ந்தான். முகமெல்லாம் கரித்தூள், விரலிலிருந்து ரத்தம் சொட்டியது. குனிந்து மகனின் காதில் சொன்னான்.

"ஒங்கம்மால அது. இனிமே பேசமாட்டா. அவ கையப் புடி."

ரெமி தேம்பலை நிறுத்தினான். புரியாமல் முகத்தைத் தூக்கி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பினான், கண் இன்னும் திறக்கவில்லை. பிறகு ஒரு கையால் ஜெர்த்தூதைப் பிடித்த பிடியை விடாமலே, இன்னொரு கையைப் பின்னால் நீட்டினான்.